ஓவியக் கல்லூரி, ஓர் இரவல் பேஸ் கிட்டார்: ஃப்ரான்ஸ் ஃபெர்டினாண்ட் உருவான கதை

#1 கரித்துண்டு

வணக்கம் நண்பர்களே. இந்த இழையை ரொம்ப நாளாகத் தொடங்க நினைத்திருந்தேன். நான் ஓவியம் படித்தவன். இரண்டாம் ஆண்டு படிக்கும்போது விடுதியில் ஒரு சீனியர் அண்ணன் ‘டேக் மீ அவுட்’ பாட்டைப் போட்டார். வேகமாக ஓடிக்கொண்டிருந்த பாட்டு ஒரு நிமிடம் முடிவதற்குள் கண்ணெதிரே வேகம் குறைந்து, வேறொரு பாட்டாக மாறி நடக்க ஆரம்பித்தது. டேப் சிக்கிவிட்டது என்றே நினைத்தேன். அன்று ராத்திரி அதைப் பத்துத் தடவையாவது கேட்டிருப்பேன்.

அப்புறம்தான் அதைப் பாடிய ஃப்ரான்ஸ் ஃபெர்டினாண்ட் என்ற ஸ்காட்லாந்து ராக் குழுவின் கதையைத் தேடிப் படித்தேன். பேஸ் (தாழ்ந்த சுரங்களில் ஒலிக்கும் கிட்டார்) வாசிக்கும் பாப் ஹார்டி, கிளாஸ்கோ ஓவியக் கல்லூரியில் ஓவியம் படித்தவர். குழுவில் சேரும்வரை பேஸ் கிட்டாரைத் தொட்டதில்லை. பாடகர் அலெக்ஸ் கப்ரானோஸும் அவரும் உணவகச் சமையலறையில் வேலை பார்த்தவர்கள். பெல் அண்ட் செபாஸ்டியன் குழுவின் மிக் குக், தன் பழைய பேஸ் கிட்டாரைக் கப்ரானோஸுக்குக் கொடுக்கிறார். ஒரே நிபந்தனை: இதை வைத்து உருப்படியாக ஏதாவது செய்ய வேண்டும். கப்ரானோஸ் அதை ஹார்டி கையில் கொடுத்து வாசிக்கக் கற்றுக்கொடுக்கிறார். நான் ஓவியன், இசைக்காரன் இல்லையே என்று ஹார்டி தயங்க, இரண்டும் ஒன்றுதான் என்று கப்ரானோஸ் சொன்னாராம்.

இது 2001-02 வாக்கில். 2004 பிப்ரவரியில் முதல் ஆல்பம், அதே வருடம் செப்டம்பரில் மெர்க்குரி பரிசு (பிரிட்டன், அயர்லாந்து ஆல்பங்களில் அந்த ஆண்டின் சிறந்ததற்குக் கொடுப்பது). பேஸைத் தொட்டே இராத ஒருவர் மூன்று வருடத்துக்குள் அங்கே நிற்கிறார்.

என் கேள்வி இதுதான். ஓவியக் கல்லூரி இவர்களுக்கு என்ன கொடுத்தது? சங்கீதம் சொல்லித்தரவில்லை, மேடை போட்டுத் தரவில்லை. ஆனாலும் பிரிட்டனில் ஓவியக் கல்லூரிகளிலிருந்து குழு குழுவாக ஆட்கள் வந்துகொண்டே இருந்திருக்கிறார்களே, ஏன்?

#2 தாளக்கட்டு

நல்ல இழை தம்பி. எனக்கும் இந்தக் குழு மேல் பிரியம் அதிகம். அதனால்தான் ஒரு திருத்தம் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

‘ஓவியக் கல்லூரி நண்பர்கள் சேர்ந்து தொடங்கிய குழு’ என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். நாலு பேரில் அந்தக் கல்லூரியில் மாணவராக இருந்தவர் ஹார்டி ஒருவர்தான். கப்ரானோஸ் அபர்டீனில் இறையியல் படிக்கப் போனவர். நிக் மெக்கார்த்தி பவேரியாவில் வளர்ந்து, மியூனிக்கில் டபுள் பேஸும் பியானோவும் முறையாகப் படித்தவர். டிரம்ஸ் வாசித்த பால் தாம்சன் அந்தக் கல்லூரிக்குப் போனது உண்மை, ஆனால் படிக்க இல்லை. ஓவிய வகுப்பில் மாடலாக நின்றவர் அவர்.

கப்ரானோஸ் புதுமுகமும் இல்லை. 1990கள் முழுக்கக் கிளாஸ்கோவில் தர்ட்டீன்த் நோட் என்ற இடத்தில் கச்சேரி ஏற்பாடு செய்தவர், தி கரேலியா என்று தனக்கே ஒரு குழு வைத்திருந்தவர், யம்மி ஃபர் குழுவில் வாசித்தவர். தாம்சனும் யம்மி ஃபரில் இருந்தவர்தான். அந்தக் குழுக்களைக் கிளாஸ்கோவுக்கு வெளியே கேட்டவர்கள் கொஞ்சம் பேர். முதல் ஆல்பம் வந்தபோது கப்ரானோஸுக்கு வயது 31. ராக் உலகில் அது சின்ன வயது கிடையாது.

‘ஒரே ராத்திரியில் வந்த வெற்றி’ என்று யாராவது சொன்னால் எனக்கு வருத்தமாக இருக்கும். அந்த மனிதர் பத்து வருடம் யாரும் கவனிக்காத குழுக்களில் வாசித்திருக்கிறார். அந்தப் பத்து வருடத்தைக் கணக்கில் எடுக்காவிட்டால் கதையே தப்பாகிவிடும்.

#3 கரித்துண்டு

அண்ணா, ஒத்துக்கொள்கிறேன். தலைப்பிலேயே அதைத் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் தாம்சன் மாடலாக நின்றதைச் சாதாரணமாகக் கடந்துவிடாதீர்கள்.

எங்கள் கல்லூரியில் மாடலாக வந்த பெரியவர் ஒருவர் இருந்தார். இருபது நிமிடம் அசையாமல் நிற்பார். வலது கால் நடுங்க ஆரம்பிக்கும்போது, முகத்தில் எதுவும் காட்டாமல், எடையை மெல்ல இடது காலுக்கு மாற்றுவார். அந்த நொடியில் இருபது பேர் கரித்துண்டும் நிற்கும். இடுப்புக் கோடு மாறிவிட்டதே! எல்லோரும் அழித்துத் திரும்பப் போடுவோம். ஓய்வு நேரத்தில் அவர் வேட்டியைச் சுற்றிக்கொண்டு ஒவ்வொரு ஓவியத் தாங்கியாகப் போய், தன்னை எப்படி வரைந்திருக்கிறார்கள் என்று பார்ப்பார். எங்கள் தப்புகளை வாத்தியாரைவிட அவர் நன்றாகச் சொல்வார்.

மாடல் மாணவர் இல்லை, ஆனால் வகுப்புக்கு நடுவில் நிற்கிறவர் அவர்தான். கிளாஸ்கோவிலும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். மாணவர், மாடல், பக்கத்து உணவகத்தில் சமைப்பவர், ஜெர்மனியிலிருந்து ஊருக்குப் புதிதாக வந்தவர் எல்லாரும் ஒரே விருந்துகளில் சந்திக்கிறார்கள். மெக்கார்த்தி கதை தெரியுமல்லவா? ஒரு விருந்தில் கப்ரானோஸின் வோட்காவை எடுத்துக் குடிக்கப் பார்த்தார், கைகலப்பாகும் நிலை. அதற்கு நடுவில் ‘உனக்கு டிரம்ஸ் தெரியுமா?’ என்று கப்ரானோஸ் கேட்க, தெரியும் என்றாராம். தெரியாது! பிறகு தாம்சன் வந்தார். அவருக்கு டிரம்ஸ் நன்றாகத் தெரியும், ஆனால் கிட்டார் வாசிக்க ஆசை. கடைசியில் இருவரும் இடம் மாற்றிக்கொண்டார்கள்.

கல்லூரி கொடுத்தது இந்தக் கூட்டத்தைத்தான் என்று தோன்றுகிறது.

#4 கிளைட் கரை

நான் கிளாஸ்கோவில் நாலு வருடம் இருந்தவள். படிக்கப் போனேன், அப்புறம் வேலையும் அங்கேயே. எனவே ஊரைப் பற்றிச் சொல்கிறேன்.

ஓவியக் கல்லூரி ரென்ஃப்ரூ தெருவில், செங்குத்தான மேட்டின் மேல் இருக்கிறது. கீழே சாக்கிஹால் தெரு, கடைகளும் மது விடுதிகளும். மழைநாளில் சாக்கிஹாலிலிருந்து மேலே ஏறினால் மூச்சு வாங்கும். சார்ல்ஸ் ரென்னி மாக்கின்டாஷ் வடிவமைத்து 1909இல் கட்டி முடிந்த கட்டடம். 2014 மே மாதம் தீப்பிடித்து அதன் நூலகம் எரிந்துபோனது. சீரமைப்பு முடியும் முன்பே 2018 ஜூனில் மறுபடியும் தீ. இந்த முறை கிட்டத்தட்ட முழுக் கட்டடமும் போய்விட்டது. சாக்கிஹால் பக்கமிருந்த ஏபிசி கச்சேரி அரங்குக்கும் தீ பரவியது. நான் பார்த்தபோது சாரம் கட்டி மூடி வைத்திருந்தார்கள். அந்த இரும்புக் குழாய்களுக்கு முன்னால் நின்று மேலே போக மனசே வரவில்லை.

கல்லூரி ஒரு பாதிதான், மறுபாதி காலிக் கட்டடங்கள். கிளைட் ஆற்றங்கரையில் கப்பல் கட்டிய ஊர் அது. அந்தத் தொழில் நொடித்த பிறகு கிடங்குகள், பட்டறைகள், அலுவலகங்கள் எல்லாம் ஆளில்லாமல் கிடந்தன. லண்டனில் ஒரு மூலை அறைக்குக் கொடுக்கிற வாடகையில் இங்கே ஒரு தளமே கிடைக்கும் காலம். ஃப்ரான்ஸ் ஃபெர்டினாண்ட் ஆற்றுக்குத் தெற்கே அப்படி ஒரு கைவிடப்பட்ட கிடங்கைப் பிடித்து ‘தி ஷாட்டோ’ என்று பெயர் வைத்தார்கள். பிரெஞ்சில் அரண்மனை, கோட்டை என்று அர்த்தம். ஒத்திகை, ஓவியக் கண்காட்சி, கச்சேரி எல்லாம் அங்கேதான். ஒரு ராத்திரி போலீஸ் வந்தது. அனுமதியில்லாமல் மதுக்கடை நடத்தியது உட்படப் பல குற்றச்சாட்டுகளில் கப்ரானோஸைக் கைது செய்தார்கள், பிறகு வழக்கைக் கைவிட்டார்கள். அடுத்து அவர்கள் பிடித்த இடம் விக்டோரியா காலத்துப் பழைய நீதிமன்றமும் சிறையும்! கைதானவர் அடுத்த ஒத்திகையைச் சிறைக் கட்டடத்தில் வைத்திருக்கிறார் பாருங்கள்.

நான் முக்கியமாக நினைப்பது இதை. பிரபலமான பிறகு இடம் தேடவில்லை. இடத்தை முதலில் பிடித்தார்கள், விளக்குப் போட்டார்கள், ஆட்களை வரவழைத்தார்கள். பாட்டு அதற்குப் பிறகு வளர்ந்தது. முதல் கச்சேரி 2002இல் ஒரு தோழியின் படுக்கையறையில். பெண் ஓவிய மாணவிகள் தங்கள் படைப்புகளை வைத்த கண்காட்சியின் பகுதியாக நடந்தது அது. சுவரில் படம், கட்டிலிருந்த இடத்தில் டிரம்ஸ்.

பெண்கள் ஆடுகிற மாதிரி இசை வாசிக்க வேண்டும் என்பதே அவர்கள் அன்று சொன்ன ஒரே கொள்கை. அப்போது அந்த ஊர்க் கச்சேரிகளில் கைகட்டி, தலைகுனிந்து, தீவிரமாக நின்று கேட்கும் ஆண்கள் கூட்டம்தான் அதிகம். அந்த இறுக்கம் இவர்களுக்கு அலுத்துப்போயிருந்தது. நான் போன கச்சேரிகளிலும் அந்தக் கைகட்டி நிற்கும் வரிசையைப் பார்த்திருக்கிறேன், பின்னாலிருந்து மேடையே தெரியாது. அதனால் இந்தக் கொள்கை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

#5 புதுவாசகன்

இழையை ஒரே மூச்சில் படித்தேன். அந்தப் பெயர் எப்படி வந்தது? முதல் உலகப்போர்ப் பாடத்தில் வந்த இளவரசர்தானே?

#6 கரித்துண்டு

அவரேதான் நண்பா. 1914 ஜூன் 28 அன்று சரயேவோவில் சுட்டுக் கொல்லப்பட்டவர். ஆனால் பெயர் வந்தது டிவியில் பார்த்த குதிரைப் பந்தயத்திலிருந்து. ஓடிய குதிரை ஒன்றின் பெயர் ‘ஆர்ச்டியூக் ஃபெர்டினாண்ட்’. பேச்சு அந்த இளவரசர் பக்கம் திரும்பியது, பெயரின் ஓசை பிடித்துப்போனது. சொல்லிப் பாருங்கள், இரண்டு ‘ஃப’வும் அடுத்தடுத்து வந்து விழுவது நம் மோனை மாதிரியே இருக்கும்.

#7 நாலு கம்பி

பேஸ் வாசிப்பவள் என்பதால் உள்ளே வருகிறேன். ஹார்டி விஷயத்தைப் படித்ததும் எனக்கு டாக்கிங் ஹெட்ஸ் என்ற அமெரிக்க ராக் குழு ஞாபகம் வந்தது.

டேவிட் பிர்ன், கிரிஸ் ஃபிரான்ட்ஸ், டினா வேமத் மூவரும் அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் வடிவமைப்புக் கல்லூரியில் பழக்கமானவர்கள். பிர்ன் பாதியிலேயே படிப்பை விட்டவர். 1973இல் பிர்னும் ஃபிரான்ட்ஸும் ‘தி ஆர்டிஸ்டிக்ஸ்’ என்று ஒரு குழு வைத்தார்கள். வேமத் அவர்களைக் காரில் ஏற்றிக்கொண்டு போவார், அவ்வளவுதான். அப்புறம் மூவரும் நியூயார்க் போய் கிரிஸ்டி தெருவில் ஒரு மாடியில் ஒன்றாகக் குடியிருந்தார்கள். பேஸ் வாசிக்க ஆள் கிடைக்கவில்லை. ஃபிரான்ட்ஸ் சொன்னார் என்பதற்காக, சூசி குவாட்ரோ இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டு வேமத் பேஸ் கற்றார். 1975 ஜூனில் சிபிஜிபி இசை விடுதியில் ரமோன்ஸ் குழுவுக்கு முன்னால் முதல் மேடை. பிறகு வந்து சேர்ந்த ஜெரி ஹாரிசன் ஹார்வர்டில் கட்டடக்கலை படித்தவர்.

பார்த்தீர்களா? கால் நூற்றாண்டு இடைவெளி, இரண்டு நாடு, இரண்டு குழு. இரண்டிலும் பேஸ் வாசித்தவர் ஓவியம் படித்தவர், குழுவுக்காகவே பேஸ் கற்றவர். இது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை.

என் அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். கிட்டாரிலிருந்து பேஸுக்கு வருபவர்களுக்கு விரல் சும்மா இருக்காது. இடம் கிடைத்தால் போதும், ஓடிப்போய் நாலு சுரத்தைச் செருகிவிடுவார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். பேஸில் முதல் தொடக்கமே வைப்பவருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. ஒரு சுரத்தை அடித்து, அது முழங்கி அடங்கும்வரை காத்திருப்பார். படம் வரைபவருக்கு வெற்றிடத்தை விட்டுவைக்கத் தெரியும் இல்லையா? தாளில் எங்கே தொடக் கூடாது என்பதுதான் அவர் முதலில் கற்பது. ஹார்டி வாசிப்பதைத் தனியாகக் கவனித்துக் கேளுங்கள். டிரம்ஸின் உதையோடு ஒட்டி நடப்பார், அலங்காரமே இருக்காது. இரண்டு கிட்டாரும் மேலே ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போவதற்கு அந்தத் தரை வேண்டும்.

#8 தாளக்கட்டு

அக்கா, இதை நான் யோசித்ததே இல்லை. வேமத்தின் வாசிப்பைத் திரும்பக் கேட்கிறேன்.

#9 கடைசி வரிசை

எல்லாம் சரி. ஆனால் லேபிளையும் (இசைத்தட்டு வெளியிடும் நிறுவனத்தையும்) நேரத்தையும் யாருமே பேசவில்லையே. கிளாஸ்கோவில் காலிக் கிடங்கில் வாசித்த குழுக்கள் எத்தனையோ இருந்திருக்கும். கூட்டமும் இடமும் மட்டும் போதுமென்றால் அத்தனை பேரும் அல்லவா வந்திருக்க வேண்டும்?

2001இல் நியூயார்க்கின் தி ஸ்ட்ரோக்ஸ் ஆல்பம் வந்தது. பிரிட்டனில் கிட்டார் குழுக்களை எல்லா லேபிளும் தேட ஆரம்பித்தன. ஃப்ரான்ஸ் ஃபெர்டினாண்ட் சரியாக அந்த நேரத்தில் தயாராக இருந்தார்கள். பெரிய கம்பெனிகளை விட்டுவிட்டு 2003இல் டொமினோவில் ஒப்பந்தம் போட்டார்கள். லாரன்ஸ் பெல் 1993இல் தொடங்கிய சின்ன லேபிள் அது, சொந்தக் காலில் நிற்பது. பிறகு ஸ்வீடனில் மால்மோ நகருக்குப் போய், கார்டிகன்ஸ் குழுவோடு வேலை செய்த டோரே யோஹான்சனிடம் பதிவு செய்தார்கள். ‘ஆட வைக்க வேண்டும்’ என்கிற கொள்கைக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்க மாட்டார். அந்த ஆல்பத்தில் ஒவ்வொரு வாத்தியமும் உலர்ந்து, தனித்தனியாகக் கேட்கும், எதிரொலியில் குழைந்துபோகாது.

2004 ஜனவரியில் ‘டேக் மீ அவுட்’ பிரிட்டிஷ் பட்டியலில் 3ஆம் இடம். அடுத்த மாதம் ஆல்பமும் 3ஆம் இடம். மெர்க்குரிப் பரிசுப் பட்டியலில் அந்த வருடம் ஏமி வைன்ஹவுஸின் முதல் ஆல்பமும் இருந்தது, அதையும் தாண்டி இவர்களுக்குக் கிடைத்தது. 2005இல் பிரிட் விருதுகள் இரண்டு. அதே வருடம் அக்டோபரில் இரண்டாவது ஆல்பம் நேராக முதலிடம். டொமினோ மாதிரிச் சின்ன லேபிளுக்கு இது எவ்வளவு பெரிய பலம் என்று யோசியுங்கள். ஆர்க்டிக் மங்கீஸ் 2005இல் அங்கேதான் சேர்ந்தார்கள். இன்னொரு நல்ல குழுவுக்கும் அந்தக் கதவு திறந்திருந்தது என்பதில் எனக்கு உண்மையான சந்தோஷம்.

#10 கரித்துண்டு

கடைசி வரிசை சொன்னது சரிதான், நேரம் ரொம்ப முக்கியம். அதற்கு முன்பே அவர்கள் கையில் தயாராக இருந்த இன்னொன்றை மட்டும் சேர்க்கிறேன்: தோற்றம்.

முதல் ஆல்பத்தின் அட்டையில் ஆள் படமே கிடையாது, வெறும் எழுத்து. இரண்டாவது ஆல்பத்தின் அட்டை, ரஷ்யக் கலைஞர் அலெக்சாந்தர் ரோட்சென்கோ 1924இல் செய்த சுவரொட்டியின் வழியில் அமைந்தது. லில்யா பிரிக் வாயருகே கை வைத்துக் கூவுவாரே, அந்தப் படம். தனியாக வெளிவந்த ‘திஸ் ஃபயர்’ பாட்டின் அட்டைக்கு இன்னொரு ரஷ்யக் கலைஞர் எல் லிசிட்ஸ்கியின் சிவப்பு ஆப்புச் சுவரொட்டி. ஒரு வெள்ளை வட்டத்துக்குள் சிவப்பு முக்கோணம் குத்திக்கொண்டு நுழையும். இந்த இரண்டையும் எங்கள் கலை வரலாற்று வகுப்பில் சில்லறை அளவுக் கறுப்பு வெள்ளைப் படமாகத்தான் பார்த்திருந்தேன். சிவப்பு எவ்வளவு சிவப்பு என்று தெரிந்துகொண்டதே ஒரு ராக் குழுவின் சிடி அட்டைக்குப் பிறகுதான்.

அது வெறும் அலங்காரமாக ஒட்டிவைத்ததில்லை என்று நினைக்கிறேன். அந்தச் சுவரொட்டிகளில் சாய்கோடு, தட்டையான நிறம், கொட்டை எழுத்து, நடுவில் நிறைய வெற்றிடம். பாட்டிலும் அதேதான்: கூர்மையாக வெட்டும் கிட்டார், நேர் அடி டிரம்ஸ், இடையில் மௌனம். காதும் கண்ணும் ஒரே மொழி பேசுகின்றன. ‘டேக் மீ அவுட்’ காணொளியை ஸ்வீடன்காரர் யோனாஸ் ஓடெல் இயக்கினார். வெட்டி ஒட்டிய காகிதப் படங்கள், இயந்திரக் கால்கள், அவற்றுக்கு நடுவே நாலு பேரும். ஒரு குழு தன் அட்டை, உடை, மேடை, காணொளி எல்லாவற்றையும் ஒரே வேலையாகப் பார்ப்பது ஓவியக் கல்லூரி வாசனை இல்லாமல் வராது.

நாலு கம்பி அக்கா குறிப்பிட்ட டாக்கிங் ஹெட்ஸும் அப்படியே. 1978 ஆல்பத்தின் அட்டை 529 போலராய்டு படங்களை ஒட்டிச் செய்தது. கிட்டப் போனால் ஒரு முழங்கை, ஒரு காலணி. தள்ளி நின்றால்தான் நாலு மனிதர்கள்.

#11 கிளைட் கரை

இன்றைய நிலையையும் சொல்லிவிட வேண்டும். மெக்கார்த்தி 2016இல் விலகினார், தாம்சன் 2021இல். தொடங்கிய நாலு பேரில் இப்போது மிச்சமிருப்பது கப்ரானோஸும் ஹார்டியும்தான். தாம்சனுக்குப் பிறகு ஆட்ரி டெய்ட் டிரம்ஸ் வாசிக்கிறார். 2025 ஜனவரியில் புது ஆல்பம் வந்தது.

எனக்கு இதில் நெகிழ்ச்சியாக இருப்பது ஒன்றுதான். மியூனிக்கில் முறையாகச் சங்கீதம் படித்தவர் போய்விட்டார், அனுபவமுள்ள டிரம்மர் போய்விட்டார். நான் ஓவியன் என்று தயங்கியவர் இருபது வருடத்துக்கு மேலாக அதே இடத்தில் நிற்கிறார்.

#12 புதுவாசகன்

‘டேக் மீ அவுட்’ பாட்டில் அந்த வேகம் குறையும் இடத்தை எப்படி வாசிக்கிறார்கள்? எல்லோரும் ஒரே மாதிரி எப்படிக் குறைக்க முடிகிறது? மேடையில் ஒருவர் முந்திவிட்டால்?

#13 தாளக்கட்டு

இதற்குத்தான் காத்திருந்தேன். நாங்கள் மூன்று பேர் வார இறுதியில் இந்தப் பாட்டைப் பழகுகிறோம், அதிலிருந்து சொல்கிறேன்.

மனதில் எண்ணி வாசித்தால் கட்டாயம் தப்பும். கிளிக் (காதில் சீராகத் தட்டும் தாள ஒலி) வைத்தாலும் பிரயோஜனமில்லை, அது ஒரே வேகத்தில்தான் தட்டும். அந்த இடத்தில் எல்லா வாத்தியமும் ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடிக்கிறது. ஒவ்வொரு அடிக்கும் நடுவே இடைவெளி கொஞ்சம் கொஞ்சமாக அகலுகிறது. எங்களுக்கு முதலில் நடந்தது என்னவென்றால், நான் குறைப்பதற்கு முன்பே கிட்டார்க்காரர் குறைத்துவிடுவார். நான் அவரைப் பிடிக்க இன்னும் குறைப்பேன். பாட்டு அங்கேயே உட்கார்ந்துவிடும்.

கிட்டார்க்காரரின் வலது கை மணிக்கட்டைப் பார்த்துப் பழகினோம். அவர் கம்பியிலிருந்து கையை எவ்வளவு உயரம் தூக்குகிறாரோ அவ்வளவு தூரம் என் குச்சியையும் தூக்குவேன். உயரம் கூடக் கூட, விழ நேரமாகும். வேகம் தானாகக் குறையும். பேஸ் வாசிக்கும் தம்பி எங்கள் இருவரையும் பார்க்க மாட்டார், தரையில் என் காலை மட்டும் பார்ப்பார். கடைசி அடி விழுந்ததும் அந்த ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் மெட்டு) தொடங்க வேண்டிய வேகம் உடம்பில் ஏற்கெனவே இருக்கும். தோளை ஆட்டினால் தெரிந்துவிடும்.

கண்ணை மூடிக்கொண்டு இன்னும் வரவில்லை. இந்தச் சனிக்கிழமை மாலை மறுபடி உட்காருகிறோம். பதிவு செய்தால் இங்கே போடுகிறேன். நாலு கம்பி அக்கா, பேஸ் எப்படி இருக்கிறது என்று நீங்கள் கேட்டுச் சொல்ல வேண்டும்.